கிரியேச்சர் கார்டு எழுதுவது எப்படி: எதிரே இருப்பவருக்கும் வேலை வேண்டும்

யாராவது புதிதாக ஒரு கிரியேச்சர் கார்டு, அதாவது கார்டு விளையாட்டில் நமக்காகச் சண்டை போடும் ஓர் உயிரியின் கார்டு, எழுதிக்கொண்டு வந்து "நல்லா இருக்கா அண்ணா?" என்று நீட்டினால், எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். "இத நீ மேசையில வச்சதும் எதுக்க இருக்குறவன் என்ன செய்வான்?"

"அவனால ஒண்ணும் செய்ய முடியாது" என்று பெருமையாகப் பதில் வந்தால் கார்டைத் திருத்த வேண்டும். "அவன் பாட்டுக்கு அவன் விளையாடுவான்" என்று வந்தாலும் திருத்த வேண்டும். "அவன் கொஞ்சம் யோசிப்பான்" என்று வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு மேற்கொண்டு பேசலாம். கிரியேச்சர் கார்டைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்வியில் இருந்துதான் வருகிறது.

குமரி மாவட்டம் தக்கலையில் டிடிபி, டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா போஸ்டர் என்று வார நாட்கள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் பின்னறையில் பிள்ளைகள் கூடி மேஜிக், போக்கிமான், யு-கி-ஓ என்ற கார்டு விளையாட்டுகளை விளையாடுவார்கள். இப்போது அவர்களே ஒரு விளையாட்டு செய்கிறார்கள். நம்ம மாவட்டத்துக் கடல், குளம், காடு மூன்றிலும் உள்ள ஜீவராசிகளை வைத்து. ஹார்த்ஸ்டோன் என்ற கம்ப்யூட்டர் கார்டு விளையாட்டில் கார்டு இறக்கச் செலவழிக்கும் 'மானா' கூடுவது போல ஒவ்வொரு முறையும் கையில் ஒரு 'நீர்' கூடும். அதைச் செலவழித்து உயிரிகளை இறக்க வேண்டும். கார்டில் இரண்டு எண்: எத்தனை அடி கொடுக்கும் என்பது தாக்கு, எத்தனை அடி வாங்கினால் சாகும் என்பது தாங்கு. 2/1 என்று எழுதினால் தாக்கு 2, தாங்கு 1. மேஜிக்கில் பவர், டஃப்னெஸ் என்கிறார்களே, அதுதான்.

நம்ம ஊரில் இந்த மாதிரிக் கார்டுகள் வருவதற்கு முன்பே பிள்ளைகள் கையில் இருந்தது மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று வரிசையாக எண்கள். ஒருவன் ஒன்றைச் சொல்வான், யாருடையது பெரிதோ அவன் கார்டை எடுத்துக்கொள்வான். ரேங்க் மட்டும் சிறியது ஜெயிக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் முதல் கிரியேச்சர் கார்டை எழுதும்போது எல்லா எண்ணையும் பெரிதாகவே போடுவார்கள். அதில் தப்பில்லை, எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் டிரம்ப் கார்டில் எதிராளிக்கு முடிவெடுக்க ஒன்றுமே கிடையாது. கேட்ட எண்ணைச் சொல்ல வேண்டியதுதான். கிரியேச்சர் கார்டு விளையாட்டு அங்கிருந்து விலகி நிற்கிற இடம் இதுதான்: தடுப்பதா விடுவதா, இப்போதா அடுத்த முறையா, இதையா அதையா என்று இரண்டு பக்கமும் முடிவு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் வெறும் உடம்பை எழுதுங்கள்

திறன் எதுவும் இல்லாத, வெறும் எண் மட்டும் உள்ள உயிரிகளைத்தான் முதலில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, சப்பென்று இருக்கிறது என்பார்கள். ஆனாலும் விடாதீர்கள். அளவுகோல் இல்லாமல் எதையும் அளக்க முடியாது.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த மேஜிக் 1993இல் வெளிவந்தபோது அதில் கிரிஸ்லி பேர்ஸ் என்று ஒரு கார்டு இருந்தது. இரண்டு மானா, 2/2, வேறு ஒரு வரி கிடையாது. இன்றைக்கும் இரண்டு மானா 2/2 உயிரி எதைப் பார்த்தாலும் விளையாடுகிறவர்கள் 'கரடி' என்றுதான் சொல்வார்கள். அதே தொகுப்பில் கிரே ஓகர் மூன்று மானாவுக்கு 2/2, ஹில் ஜயன்ட் நான்கு மானாவுக்கு 3/3. மேஜிக்கில் கார்டுகள் நிறம் நிறமாகப் பிரிந்திருக்கும்; இவை சிவப்பு, கரடி பச்சை. உடம்பு பெருத்த உயிரிகள் பச்சைக்கு மலிவாகக் கிடைக்கும், சிவப்புக்கு நேரடி அடி மலிவாகக் கிடைக்கும் என்று நிறங்களுக்குள் பங்கு பிரித்திருந்தார்கள். ஹார்த்ஸ்டோனில் இந்த அளவுகோல் சில்விண்ட் யெட்டி: நான்கு மானா, 4/5, வெறும் உடம்பு. புதிதாக ஒரு நான்கு மானா உயிரி வந்தால் "யெட்டியை விட இது மேலா?" என்று கேட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் விளையாட்டுக்கும் அப்படி ஒரு வரிசை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நீருக்கு 1/1, இரண்டுக்கு 2/2, மூன்றுக்கு 3/3 அல்லது 2/4, நான்குக்கு 4/4. பிறகு எந்தத் திறனைச் சேர்த்தாலும் அதற்கு எண்ணில் விலை கொடுத்தாக வேண்டும். பறக்கும் கூழைக்கடா வேண்டுமா? மூன்று நீருக்கு 3/3 கிடையாது, 2/2தான்.

இந்த வரிசையைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். 1993இல் ஒரு மானாவுக்கு 2/1 ஆக வந்த சவானா லயன்ஸ் ரேர் கார்டு, அதாவது அரிதாகக் கிடைப்பது. அன்றைக்கு அது அவ்வளவு பெரிய விஷயம். பின்னால் வந்த வருடங்களில் உயிரிகளின் தரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆரம்பத்தில் மந்திரக் கார்டுகள் மிக வலுவாகவும் உயிரிகள் மிக மெலிந்தும் இருந்ததுதான் காரணம். ஒரு மானாவில் லைட்னிங் போல்ட் மூன்று அடி கொடுக்கும்போது ஆறு மானாவுக்கு ஒரு பெரிய புழுவை யார் இறக்குவார்கள்?

எண்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது

திறன் எழுதாமலே நல்ல கார்டு எழுத முடியும். பெரும்பாலானவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

மூன்று சின்ன உயிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 2/1, 1/3, 3/2. முதலாவது தாக்க வரும்போது 1/3 தடுத்தால், இரண்டு அடியை வாங்கிக்கொண்டு அது நிற்கும், தாங்கு ஒன்றே உள்ள 2/1 செத்துப்போகும். அந்த 1/3ஐ 3/2 தாக்கினால், மூன்று அடியில் 1/3 காலி, 3/2வுக்கு ஒரு கீறல்தான். அப்படியென்றால் 3/2தான் பெரியவனா? அது தாக்க வரும்போது 2/1 தடுத்துப் பாருங்கள். இரண்டும் சாகும். 2/1க்கு ஒரு நீர், 3/2வுக்கு இரண்டு நீர் என்றால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரி எழுத்து இல்லாமல் மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பின்னறையில் வெள்ளைத்தாளில் இந்த மூன்றை மட்டும் நாலு நாலு காப்பி எழுதி ஒரு மணி நேரம் விளையாட விடுவேன். பிள்ளைகள் எண்ணைப் பார்க்கும் பார்வையே அதற்குப் பிறகு மாறிவிடும்.

அடுத்தது தாங்கு. தாக்கு எண்ணில்தான் எல்லார் கண்ணும் விழும், ஆனால் கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது தாங்கு. மேஜிக்கில் தாங்கு 3க்கும் 4க்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. லைட்னிங் போல்ட் மூன்று அடி என்பதுதான் அந்தச் சுவர். தாங்கு 3 என்றால் நான்கு மானா உயிரி ஒரு மானாவில் போய்விடும், 4 என்றால் நிற்கும். 4இலிருந்து 5க்கு ஏறும்போது அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. ஆகவே உங்கள் விளையாட்டில் மலிவாகக் கிடைக்கும் அடி எத்தனை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் பிள்ளைகளின் விளையாட்டில் 'தூண்டில்' என்ற கார்டு ஒரு நீருக்கு இரண்டு அடி. எனவே தாங்கு 3 எங்களுக்கு விலை உயர்ந்த எண். அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு கார்டு உருவாகும் விதம்: உடும்பு

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உடும்பு எழுதிக்கொண்டு வந்தான். மூன்று நீர், 4/4. "இதை யாரும் தடுக்க முடியாது. இதை எந்தக் கார்டாலும் குறிவைக்க முடியாது."

என் கேள்வியைக் கேட்டேன். "ஒண்ணும் செய்ய முடியாது" என்றான். சரி, அதை விடுவோம், உடும்பு என்ன செய்யும் என்று கேட்டேன். "பிடிச்சா விடாது." அப்புறம் அதைக் கார்டில் ஏன் எழுதவில்லை? அவனுடைய கார்டில் 'உடும்பு' என்ற பெயரை அழித்துவிட்டுப் 'புலி' என்று எழுதினாலும் ஒரு எழுத்து மாற வேண்டியதில்லை. பெயரை மாற்றினால் கார்டு இடிக்க வேண்டும். இடிக்கவில்லை என்றால் அந்த உயிரி இன்னும் கார்டுக்குள் வரவில்லை.

இரண்டாவது வடிவம்: இரண்டு நீர், 1/4. "உடும்பு ஓர் உயிரியைத் தடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். உடும்பு மேசையில் இருக்கும்வரை பிடிபட்டது தாக்காது." உடும்புப்பிடி என்றால் என்னவென்று குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டாம். கார்டைப் படித்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் மேசையில் வைத்ததும் இரண்டு சங்கடம். ஒரே உடும்பு இந்த முறை ஒன்றைப் பிடிக்கிறது, அடுத்த முறை இன்னொன்றைத் தடுத்து அதையும் பிடிக்கிறது. உடும்புக்கு எத்தனை கை? இன்னொன்று, தாங்கு 4 என்பதால் தூண்டிலை இரண்டு முறை போட்டால்தான் சாகும். எதிராளி எதையும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விளையாட்டு அப்படியே நின்றது.

மூன்றாவது வடிவம்தான் இப்போது பெட்டியில் இருக்கிறது. இரண்டு நீர், 1/3. "உடும்பு ஓர் உயிரியைத் தடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது தாக்காது, தடுக்காது. பிடித்திருக்கும் உடும்பும் தாக்காது, தடுக்காது. உங்கள் முறை தொடங்கும்போது பிடியை விடலாம்."

இப்போது மேசையைப் பாருங்கள். உடும்பு வைத்திருப்பவனுக்கு: சின்னதைப் பிடித்துக் கையைக் கட்டிக்கொள்வதா, பெரியது வரட்டும் என்று காத்திருப்பதா? யானை வந்தால் உடும்பு நசுங்கிவிடும், எனவே பிடிக்கத் தகுந்தது நடுத்தரம்தான். பிடித்ததை எப்போது விடுவது? எதிராளிக்கு: ஒரு சாளை மீனை முன்னால் அனுப்பி உடும்புக்கு இரையாகக் கொடுத்துவிட்டு அடுத்த முறை மற்றவற்றை ஓட்டிக்கொண்டு போவதா? தாங்கு 3ஐ உடைக்கத் தூண்டிலோடு இன்னும் ஓர் அடி எங்கிருந்து எடுப்பது? தாங்கில் ஒன்றைக் குறைத்ததும், உடும்பையும் கட்டிப்போட்டதும்தான் முக்கிய மாற்றம். கார்டு பலவீனமாகிவிட்டது என்று அந்தப் பையன் முதலில் முகம் வாடினான். இன்றைக்கு அவன் டெக்கில், அதாவது ஆட எடுத்து வரும் கட்டில், நான்கு உடும்பும் இருக்கிறது.

எதிராளியை வெளியே தள்ளும் கார்டுகள்

பெரிய நிறுவனங்களின் கார்டுகளிலும் இதைப் பார்க்கலாம். 2013இல் மேஜிக்கின் கமாண்டர் தொகுப்பில் ட்ரூ-நேம் நெமிசிஸ் வந்தது. மூன்று மானா, 3/1. இறக்கும்போது ஓர் ஆட்டக்காரரைச் சொல்ல வேண்டும். அவருடைய கார்டுகள் பெரும்பாலும் இதைத் தொட முடியாது. அவர் உயிரிகள் தடுக்க முடியாது, அவர் அடி படாது, அவர் குறிவைக்கவும் முடியாது. நான்கு பேர் விளையாடும் ஆட்டத்துக்காக எழுதிய கார்டு அது. மற்ற மூவரில் ஒருவரை மட்டும்தான் அது விலக்கும். இருவர் விளையாடும் ஆட்டத்துக்குள் போனதும் எதிரே இருப்பது அந்த ஒருவர் மட்டுமே. எண்கள் சுமாரானவைதான். ஆனாலும் அதன் எதிரே உட்கார்ந்தவர்கள் அதை வெறுத்தார்கள். ஒரு கார்டின் தரம் அது எந்த மேசைக்காக எழுதப்பட்டது என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கார்டு யு-கி-ஓவின் மேன்-ஈட்டர் பக். தாக்குதல் 450, தற்காப்பு 600. 3000 தாக்குதல் உள்ள புளூ-ஐஸ் ஒயிட் டிராகன் நிற்கும் மேசையில் இதெல்லாம் ஓர் எண்ணா? ஆனால் அதைக் கவிழ்த்து வைக்கலாம். யாராவது தாக்கித் திருப்பினால் மேசையில் உள்ள ஓர் அரக்கனை அழித்துவிடும். எனவே எதிரே கவிழ்ந்து கிடக்கும் ஒவ்வொரு கார்டையும் பார்த்து டிராகன் வைத்திருப்பவன் யோசிக்கிறான். அது மேன்-ஈட்டர் பக்கா இல்லையா என்பது கூட முக்கியமில்லை. அப்படி ஒரு கார்டு இந்த விளையாட்டில் இருக்கிறது என்பதே எல்லாரையும் யோசிக்க வைத்துவிட்டது. ஒரு பூச்சி அளவு எண் வைத்துக்கொண்டு மேசை முழுவதையும் ஆள்கிற கார்டு. நான் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்க வைப்பது இந்த வகைதான்.

சொந்தக்காரனையே மிரட்டும் கார்டும் உண்டு. 1993இன் லார்ட் ஆஃப் தி பிட்: ஏழு மானா, 7/7, பறக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் உங்கள் வேறு ஓர் உயிரியை அதற்குப் பலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கே ஏழு அடி. எதிராளிக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது: அந்த அரக்கனோடு மோதாமல் அதன் தீனியை ஒழித்தால் போதும்.

பெரிய உயிரிக்கு என்ன செய்வது

யானை எழுதும்போது இந்தச் சிக்கல் வரும். ஆறு நீர் சேர்த்து, ஆறு முறை பொறுத்து, 6/6 யானையை இறக்குகிறோம். எதிராளி இரண்டு நீரில் ஒரு 'குழி' கார்டைப் போட்டு எடுத்துவிட்டுப் போகிறான். பிள்ளை யானையை மறுபடி டெக்கில் சேர்க்கவே மாட்டாள்.

மேஜிக் ஆட்டக்காரர்கள் இதை இரண்டு கார்டுகளை வைத்துப் பேசுவார்கள். 2009இல் வந்த பேன்ஸ்லேயர் ஏஞ்சல்: ஐந்து மானா, 5/5, பறக்கும், முதலில் அடிக்கும், அடிக்கிற அளவுக்கு உங்களுக்கு உயிர் ஏறும். ஒரு முறை நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது. உடனே செத்துவிட்டால் உங்கள் ஐந்து மானாவும் போச்சு. 2007இன் மல்ட்ரிஃப்டர்: அதே ஐந்து மானா, பறக்கும் 2/2 மட்டுமே, ஆனால் இறங்கும்போதே இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளலாம். அதைக் கொன்றாலும் எடுத்த கார்டுகள் கையில்தான் இருக்கும். மூன்று மானா மட்டும் கட்டி, உடம்பு வேண்டாம் கார்டு மட்டும் போதும் என்றும் சொல்லலாம்.

நிறையப் பேர் இதைப் படித்துவிட்டு எல்லா உயிரிக்கும் 'இறங்கும்போது' என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் கூடாது. 2018இல் ராவனஸ் சூபகப்ரா என்று ஒன்று வந்தது. நான்கு மானா, 2/2, இறங்கும்போது எதிராளியின் ஓர் உயிரியை அழிக்கும். வலுவான கார்டுதான். ஆனால் உடம்பு அங்கே வெறும் ஒட்டு. எல்லாக் கார்டும் இப்படி ஆனால், தாக்குவதும் தடுப்பதும் மேசையில் நடக்காது. இறக்குவதும் எடுப்பதும் மட்டும் நடக்கும். என் கணக்கில் ஐந்துக்கு ஒன்று 'இறங்கும்போது' இருந்தால் போதும். எங்கள் யானைக்கு அதைக் கொடுத்தோம்: இறங்கும்போது எதிராளியின் ஒரு வேலியை உடைக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் யானை இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சரியாகவே தோன்றும்.

பெரியதை இறக்க எடுக்கும் சிரமத்துக்குத் தகுந்த பலன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போக்கிமானின் முதல் தொகுப்பில் சாரிஸார்ட்தான் எல்லார் கனவும். 120 ஹெச்பி (நம்ம தாங்கு மாதிரி), 100 அடிக்கும் ஃபயர் ஸ்பின். ஆனால் சார்மாண்டர், சார்மிலியன் என்று இரண்டு படி ஏறி, நான்கு எனர்ஜி சேர்த்து, அடிக்கும்போது இரண்டை எறியவும் வேண்டும். அதற்குள் 70 ஹெச்பி ஹிட்மான்சான் ஒரே எனர்ஜியில் 20, 20 என்று குத்திக்கொண்டே இருக்கும். படி ஏறவே தேவையில்லாத ஹிட்மான்சான், எலெக்டபஸ் மாதிரியான போக்கிமான்களை வைத்த டெக்குகள்தான் அந்தக் காலத்துப் போட்டிகளில் ஓடின. ஆல்பத்தில் சாரிஸார்ட், மேசையில் ஹிட்மான்சான்.

உயிரியிடமே கேளுங்கள்

குளச்சலில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஒருவரின் மகள் எங்கள் மேசையில் விளையாடுகிறாள். ஞாயிறு அவர் கடலுக்குப் போவதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். கணவாய் கார்டை 3/3 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "கணவாயாக்கும் மக்ளே, அது நின்னு சண்ட போடாது. மையக் கக்கிட்டு ஓடும்" என்றார். அப்படியே எழுதினோம். இரண்டு நீர், 2/1. "கணவாயை யாராவது குறிவைத்தால், ஒரு நீர் கட்டிக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம்." அதற்குப் பிறகு கணவாய் வைத்திருப்பவன் எப்போதும் ஒரு நீரை மிச்சம் வைக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். எதிராளி அவன் நீர் முழுக்கத் தீரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறான்.

சாளை ஒரு நீர், 1/1. மேசையில் உங்கள் மற்ற சாளை ஒவ்வொன்றுக்கும் இதன் தாக்கு ஒன்று கூடும். கூட்டமாக வந்தால்தான் சாளை. அதற்கு மருந்து 'வலை': தாங்கு 1 உள்ள எல்லாம் போகும், உங்களுடையதும் சேர்த்து. பேத்தை மீன் தொட்டால் ஊதும், எனவே அடிபடும் முறைக்கு மட்டும் தாங்கு 4. திருக்கையை அடித்தவருக்கு வால் திரும்பி வரும், இரண்டு அடி.

கீரியில் மட்டும் கவனம். "பாம்பைக் கொல்லும்" என்று மட்டும் எழுதினால், எதிராளியிடம் பாம்பு இல்லாத நாளில் அது கையில் செத்த கார்டு. பாம்பு இருக்கும் நாளில் பாம்புக்காரன் விளையாட உட்கார்ந்ததே வீண். ஒருவர் வைத்த டெக்கைப் பார்த்த உடனேயே ஆட்டத்தை முடிக்கும் கார்டு யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. கீரி முதலில் தானாக ஒரு நல்ல 2/2 ஆக இருக்கட்டும், பாம்போடு மோதும்போது மட்டும் தாக்கு இரண்டு கூடட்டும்.

ஒரு பையன் இசக்கியம்மனை 9/9 ஆக எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நம் வீட்டார் பொங்கலிட்டுக் கும்பிடுகிற தெய்வத்துக்குத் தாங்கு எத்தனை என்று எண் போடுவது சரியில்லை. அது வடிவமைப்பு விஷயம் இல்லை, மரியாதை விஷயம்.

எழுத்தும் இடமும்

மேஜிக், போக்கிமான் கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். படத்துக்குப் பாதி போனால், எழுத்துக்கு மிஞ்சுவது தீப்பெட்டி அகலம். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியை வைத்தால் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் 8 பாயின்டுக்குக் கீழே போகக் கூடாது, வரிகள் ஐந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், திறனைக் குறையுங்கள்.

2019இல் வந்த குவெஸ்டிங் பீஸ்ட் நான்கு மானாவுக்கு 4/4. அதோடு ஆறு திறன்கள். விளையாடுகிறவர்களே நடு ஆட்டத்தில் அதில் ஒன்றிரண்டை மறந்துவிடுவார்கள். கார்டு பலமானதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைத் தலைகீழாக, ஒரு கை தூரத்தில் இருந்து படிக்க வேண்டும். படிக்க முடியாத கார்டுக்கு எதிராக அவர் எப்படி யோசிப்பார்? வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் நகரும்போதே போர்டைப் படித்து ஓடி ஏறுகிறோமே, அந்த அளவுக்குக் கார்டு ஒரு பார்வையில் பிடிபட வேண்டும்.

அடிக்கடி வரும் திறன்களுக்கு ஒரே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: பறத்தல், பாய்ச்சல், பிடி. ஒரு கார்டில் "தாக்க முடியாது", இன்னொன்றில் "தாக்குதலில் ஈடுபடாது" என்று எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று ஒரு சண்டை நிச்சயம். செலவை இடது மேல் மூலையில் போடுங்கள். மேஜிக்கில் அது வலது மேல் மூலையில் இருக்கிறது. கார்டுகளைக் கையில் விசிறியாக விரித்துப் பிடிக்கும்போது தெரிவது இடது ஓரம்தான். தாக்கு, தாங்கு இரண்டும் கீழே வலது மூலையில் இருந்தால் மேசையில் வைத்த பிறகு தடுக்கும் கணக்குப் போட எளிது. கடல், குளம், காடு என்ற பிரிவை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு சின்னமும் சேருங்கள்.

மேசையில் வைத்துப் பார்ப்பது

அச்சடிக்க அவசரப்படாதீர்கள். பழைய சீட்டுக்கட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, முன்னால் கையால் எழுதிய துண்டுத் தாளைச் செருகினால் போதும். மாற்ற வேண்டுமென்றால் தாளை உருவி வேறு செருகலாம். படம் வரையாதீர்கள், படம் வரைந்த கார்டைத் திருத்த யாருக்கும் மனம் வராது.

எழுதியவர் விளையாடக் கூடாது. இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு, கார்டு இறங்கும்போது எதிராளியைப் பாருங்கள். கையில் உள்ள கார்டுகளைத் திரும்பப் புரட்டினால் கார்டு வேலை செய்கிறது. பெருமூச்சு விட்டால் கூட்டிவிட்டீர்கள். பார்க்கவே இல்லை என்றால் குறைத்துவிட்டீர்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரிடமும் "எந்தக் கார்டு கையிலேயே கிடந்தது?" என்று கேளுங்கள். "எது பிடிச்சுது?" என்று கேட்டால் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். தாங்கை ஒன்று கூட்டுவதோ குறைப்பதோ மெல்லிய திருத்தம், அதிலிருந்து தொடங்குங்கள். அதில் சரியாகாவிட்டால் தாக்கு. திறனின் வார்த்தைகளை அதற்குப் பிறகு. செலவைக் கடைசியில்தான் தொட வேண்டும், ஏனென்றால் இரண்டு நீர்க் கார்டு மூன்றானால் அது வேறு முறையில் இறங்கும், வேறு கார்டுகளோடு போட்டி போடும், டெக் முழுவதும் மாறிவிடும். ஒரே கார்டு டெக்கில் நான்குக்கு மேல் கூடாது என்ற மேஜிக், போக்கிமான் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யு-கி-ஓவில் மூன்று.

எல்லாம் முடிந்து அச்சுக்கு வரும்போது: ஏ4 தாளில் ஒன்பது கார்டு விழும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன். பளபளப்பு லேமினேஷன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எதிராளிக்கு எழுத்தை மறைக்கும், வேண்டாம். பின்பக்கத்துக்கு ஒரே டிசைன், அதுவும் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்று போலத் தெரிவதாக இருக்கட்டும். வெட்டும்போது ஓரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அடுக்கில் எந்தக் கார்டு என்று தெரிந்துவிடும், ஆகவே பின்பக்கத்தின் ஓரத்தில் பார்டர் கோடு வைக்காதீர்கள். மூலைகளை 3 மில்லிமீட்டர் ரவுண்ட் கார்னர் கட்டரில் வெட்டச் சொல்லுங்கள். கூர்மையான மூலை கலைக்கும்போது மடங்கும்.